குறட்டை விடும் சாட்சி

அத்தியாயம் 6

நான்கு மணிக்கு இன்னும் ஐந்து மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருந்தன.

லொறி அதற்குள்ளேயே வந்துவிட்டது. மிருக வைத்தியசாலை வாசலில் அதன் பின்பலகையை இறக்கி வைத்துவிட்டு, சாரதி ஆசனத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

எருமை முற்றத்துப் பூவரசில் கட்டப்பட்டிருந்தது. அதன் இடது கொம்பு ஒழுங்காகப் பின்னால் போயிருந்தது. வலது கொம்பு பாதி வழியில் மனம் மாறி, கீழே வளைந்து காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு பேர் உரிமை கோரினார்கள்.

ஒருவர் யோகராசா, வாவியின் கிழக்கே எழுவான்கரையில் மாட்டு வியாபாரி. எருமை தன் பட்டியிலேயே பிறந்தது என்றும் வாவியைத் தாண்டியதே இல்லை என்றும் வாக்குமூலம் கொடுத்திருந்தார். மற்றவள் சின்னத்தங்கம், மேற்கே படுவான்கரையில் தயிர் போட்டு விற்பவள். கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அவளிடம் இருந்தது ஒரே ஓர் எருமை. ஏழு மாதங்களுக்கு முன், மாரி வெள்ளத்தோடு அது காணாமல் போனது. போன கிழமை இக்கரைக்குத் தயிர்ச்சட்டி கொண்டுவந்தபோது, யோகராசாவின் பட்டியில் அந்த வளைந்த கொம்பைக் கண்டாள். சட்டிகளைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் பொலிசுக்குப் போனாள்.

எருமையின் தொடையில் குறி சுட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய தழும்புதான் இருந்தது. கொதிதண்ணி பட்டது என்றார் யோகராசா.

காலை பத்து மணிக்குப் பொலிஸ் சார்ஜன் றவூப் ஒரு சோதனை வைத்துப் பார்த்தார். எருமையை அவிழ்த்து நடுமுற்றத்தில் விட்டார். ஒரு பக்கம் சின்னத்தங்கம். மறுபக்கம் யோகராசா, கையில் புண்ணாக்கு வாளி.

“பா… பா… இஞ்ச வா,” என்று சின்னத்தங்கம் கூப்பிட்டாள்.

எருமை திரும்பவில்லை. காற்று அவள் பக்கமிருந்துதான் வீசியது. அப்போதும் திரும்பவில்லை.

யோகராசா வாளியைத் தட்டினார். எருமை நேரே போய் வாளிக்குள் தலையை விட்டது.

“பேர் என்ன?” என்று சார்ஜன் இருவரையும் கேட்டார்.

“லெட்சுமி,” என்றார் யோகராசா.

சின்னத்தங்கம் நிலத்தைப் பார்த்தாள். “பேர் ஒண்டும் இல்ல ஐயா.”

“உன்ட புருசன்ட பேர்?”

அவள் மறுபடியும் நிலத்தைப் பார்த்தாள். பையைத் துழாவி அவருடைய அடையாள அட்டைப் பிரதியை நீட்டினாள். சார்ஜன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

“மாடு உன்னை மட்டுக்கட்டல்லியே, அடையாளம் தெரியல்லியே தங்கச்சி. நாலு மணிவரைக்கும் பாக்கிறன். வேற ஒண்டும் வரல்லையெண்டால் வெச்சிருந்த ஆளுக்குத்தான் திருப்பிக் குடுக்கணும்.”

திருப்பிக் கொடுத்தால் அடுத்த நிமிடம் அது லொறியில் ஏறும். பிறகு எந்த ஊரில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவர்கள் போன பின், மிருக வைத்தியர் கண்ணகை எருமையின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். துப்பறிவது அவருடைய உத்தியோகம் அல்ல. எங்கே நோகிறது என்று வாயால் சொல்லாத நோயாளிகளுடன் பத்தொன்பது வருடம் இருந்ததில் அது தானாக வந்து சேர்ந்திருந்தது. ஆட்டுக் களவு, நாய்க்கடி வழக்கு என்று சார்ஜன் றவூப் இதற்கு முன்பும் ஒன்பது தடவை அவரிடம் வந்திருக்கிறார்.

வைத்தியசாலையின் சிற்றூழியரும் ஜீப் சாரதியும் ஒரே ஆள்: காத்தான்குடிப் பதியுதீன். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை என்பதால் வாயும் இரண்டு மடங்கு.

“டொக்டர், இவ குறட்டை விடுறா,” என்றான் பதியுதீன்.

“ஓம்.”

“ஆனா கண் முழிச்சிருக்கு. எங்கட மாமனார் கூட கண்ண மூடிக்கிட்டுத்தான் குறட்டை விடுவார்.”

டொக்டர் கண்ணகை டோர்ச்சை அடித்து எருமையின் மூக்குக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“இருக்கிறார்.”

“ஆர்?”

“நம்மட ஆள். மூக்கின்ட கூரையில நாலு பேர்.”

அந்தப் புழு இன்னும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்தான் டொக்டர் அதை முதலில் கண்டார். நெல்லின் நீளம், தலைமயிரின் தடிப்பு, வெளிர் சிவப்பு. எருமையின் மூக்குக்குள் கூரையைப் பற்றிக்கொண்டு வாழும். குடியேறிய மூன்றாம் நான்காம் மாதம் மூக்கு வீங்கி எருமை குறட்டை விடத் தொடங்கும். மாட்டுக்காரர்கள் குறட்டைப் புழு என்பார்கள். டொக்டரின் குறிப்புக் கொப்பியில் அதன் தலைப்பு ‘பெயரில்லாப் புழு’.

“பேர் வெக்காம வெச்சிருக்கிறது பிழை டொக்டர். ஏழாம் நாள் வெச்சிரணும்.”

“குஞ்சாயிருக்கேக்க இது மாட்டுக்குள்ள இல்ல, பதியுதீன். ஒரு நத்தைக்குள்ள இருக்கும். பருப்பளவு நத்தை. மாடு தண்ணி குடிக்க மூக்கை வெச்சா, நத்தையை விட்டு மூக்குக்கு வீடு மாறும்.”

“நத்தைட வீடு சின்னன். சரிதான்.”

“அந்த நத்தை உப்புத் தண்ணியில சாகும். இந்தக் கரைத் தண்ணியெல்லாம் உப்பு. நான் கண்ட வரைக்கும் அது ஈச்சமுனைக் குளத்தில மட்டும்தான் இருக்கு. மூணு வருசத்தில அறுபத்தொரு மாட்டில இந்தப் புழுவைக் கண்டன். அறுபத்தொண்டும் அந்தக் குளத்தில தண்ணி குடிச்சது.”

“ஈச்சமுனை படுவான்கரையில,” என்றான் பதியுதீன் மெதுவாக. “சின்னத்தங்கத்திட ஊர். முதலாளி வாவியே தாண்டல்ல எண்டார். அப்ப இவட மூக்குக்குள்ள விலாசம் எழுதிக் கிடக்கு!”

“நத்தையைக் கொண்டந்து காட்டினா சார்ஜனும் அதை வாசிப்பார். ஜீப்பை எடுங்க.”

அவன் எழுந்தபோது ஏதோ ஞாபகம் வந்து நின்றான். “இவக்கு வேற வைக்கல் போடணும். அதில காலைல நாய் காலைத் தூக்கிப் போட்டுது. பக்கத்தில கட்டியிருக்கிற சிவப்பிப் பசு மோந்து பாத்திட்டு மூஞ்சியத் திருப்பிற்று. இவ என்னடாண்டா விருந்துச் சோறு மாதிரித் திங்கிறா.”

டொக்டர் ஏற்கெனவே ஜீப்பில் ஏறியிருந்தார்.

மண்முனைத்துறையில் பாதை அக்கரையில் நின்றது. தோணிகளைப் பிணைத்துப் பலகை அடித்த மிதவைக்கு இந்தப் பகுதியில் பாதை என்றுதான் பெயர். வெளியூர்க்காரரிடம் ‘பாதை வரும்வரைக்கும் நில்லுங்க’ என்றால் விழிப்பார்கள். அது வந்து சேர்ந்து, ஜீப்பை ஏற்றி, மறுபடி வாவியைக் கடக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. போரை நிறுத்திச் சமாதானம் பேசத் தொடங்கிப் பதினேழு மாதம் ஆகியிருந்தது. இந்தக் கரை இராணுவச் சோதனைச் சாவடியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கரையில் இயக்கத்தின் சாவடியிலும் அதையே கேட்டார்கள். இரண்டு இடத்திலும் பதியுதீன் ஒரே பதிலைத்தான் சொன்னான்: “நத்தை பிடிக்க.” இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்கள்.

ஆடி மாதத்துக் குளம் வற்றி நடுவுக்குப் போயிருந்தது. டொக்டர் செருப்பைக் கழற்றிப் பதியுதீனிடம் கொடுத்துவிட்டு, மாவரிக்கும் அரிதட்டோடு முழங்கால் சேற்றில் இறங்கினார். கரையில் எருமைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நெடிய மனிதர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். வினாயகமூர்த்தி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

“அந்த மிஸ் என்னத்தைத் துலைச்சவ?”

“நத்தை.”

“ஒரு கையில செருப்பு, மறு கையில போத்தல். உனக்கு இதுதான் உத்தியோகமா, மச்சான்?”

“பென்சன் உள்ள உத்தியோகம்,” என்றான் பதியுதீன். “சின்னத்தங்கத்திட எருமை விசயமா வந்தம். வளைஞ்ச கொம்பு.”

வினாயகமூர்த்தி சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிக்க முடியாமல் எருமையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “அதுவா! அதக் கூப்பிட்டா ரெண்டு பேர் திரும்புவாங்க!”

“ரெண்டு பேரா?”

அதற்குள் ஒரு கன்று பக்கத்து வயல் வட்டைக்குள் புகுந்து வெள்ளாமையில் வாய் வைத்தது. வினாயகமூர்த்தி கம்போடு ஓடினார். குளத்துக்குள் இருந்து டொக்டர் கையை உயர்த்தினார்.

“பதியுதீன், போத்தல்!”

திரும்பும்போது துறையில் ஓர் இளம் இராணுவச் சிப்பாய் நத்தைகள் இருந்த ஹோர்லிக்ஸ் போத்தலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“இது என்ன?”

“சந்தேக நபர்கள், மாத்தையா,” என்றான் பதியுதீன். “பதினாலு பேர். எல்லாரும் வீட்டோட வந்திருக்காங்க.”

இரண்டு மணி முப்பத்தைந்துக்கு வைத்தியசாலையில் எல்லோரும் கூடினார்கள். டொக்டர் ஒரு நத்தையை உடைத்து, அதிலிருந்து ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். பிறகு எருமையின் மூக்கிலிருந்து இடுக்கியால் ஒரு புழுவை எடுத்துப் பக்கத்துக் கண்ணாடியில் வைத்தார். சார்ஜன் றவூப் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

“யா அல்லாஹ், துடிக்குது.”

“சின்னனில தலையில மூணு கொளுக்கி. பெரிசிலயும் மூணு. ரெண்டும் ஒரே ஆள். இந்த நத்தை ஈச்சமுனைக் குளத்தில மட்டும்தான் இருக்கு, சார்ஜன். வாவி தாண்டாத எருமைக்கு இந்தப் புழு எங்கால வந்தது?”

சார்ஜன் நிமிர்ந்து யோகராசாவைப் பார்த்தார். பதியுதீனும் பார்த்தான். சின்னத்தங்கம் முதல் தடவையாகத் தலையை உயர்த்தினாள்.

யோகராசா உள்ளங்கையால் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“ஈச்சமுனையா? அட, போன வருச வரட்சிக்கு என்ட பட்டி முழுக்க அங்கதானே ரெண்டு மாசம் நிண்டது! பாதைக்காரரக் கேளுங்க. முப்பத்தாறையும் ஏத்தி இறக்கினவங்க.”

“காலையில வாவி தாண்டல்ல எண்டீங்களே?”

“மறந்து போயிற்று சார்ஜன். ஒவ்வொரு எருமையும் எங்கெங்க போய் வந்ததெண்டு ஞாபகம் வெக்க நான் என்ன பஸ் கொம்பனியா?” அவர் டொக்டர் பக்கம் திரும்பிப் பணிவாகச் சிரித்தார். “உங்கட புழு கெட்டிக்காரன்தான், டொக்டர். எந்தக் குளம் எண்டு சொல்லிப் போட்டான். ஆனா ஆருட எருமை எண்டு உறுதி எழுத அவனுக்குத் தெரியாதே!”

சார்ஜன் பாதைக்காரருக்கு ஆளனுப்பினார். பட்டி போனதும் வந்ததும் உண்மை என்று பதில் வந்தது.

மூன்று மணி இருபத்தைந்து.

லொறிச் சாரதி எழுந்து முகம் கழுவினான். டொக்டர் கண்ணகை முக்காலியில் உட்கார்ந்து தன் சேற்றுக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத்தங்கம் எருமையின் பக்கத்தில் நின்று அதன் வளைந்த கொம்பைத் தடவினாள். எருமை அவளைக் கவனிக்கவில்லை. அதன் முழுக் கவனமும் வைக்கோலில் இருந்தது.

“பாருங்க, இன்னும் அதைத்தான் திங்குது,” என்றான் பதியுதீன். “நாய் ஆசீர்வதிச்ச வைக்கல். எனக்கு இஞ்ச நிக்கவே அந்த மணம் ஏலா. அதுக்கு மூக்கே இல்லப் போல.”

டொக்டரின் தலை மெதுவாக உயர்ந்தது.

“திருப்பிச் சொல்லுங்க.”

“வைக்கல்ல நாய்…”

“கடைசியாச் சொன்னது.”

“மூக்கே இல்லப் போல.”

டொக்டர் எழுந்தார். சேற்றுக் காலோடு முற்றத்தில் இரண்டு நடை நடந்தார். அவர் வேகமாகப் பேசிப் பதியுதீன் கேட்டது அன்றைக்குத்தான்.

“எருமை ஆக்களை மணத்தாலதான் மட்டுக்கட்டும். புழு இருக்கிற இடம் மூக்கின்ட கூரை. மணம் பிடிக்கிற இடமும் அதுதான். இதுக்கு மணமே தெரியாது, பதியுதீன்! காலையில காத்து தங்கத்திட பக்கத்திலயிருந்துதான் வந்தது. சுகமான எருமையெண்டால் அவளிட்ட ஓடியிருக்கும். நான் புழுவைச் சாட்சி எண்டு நினைச்சன். அது சாட்சியை மறைச்சுக்கொண்டு இருந்திருக்கு.”

“அப்ப புழுவை எடுத்து விடுவம்.”

“வீக்கம் வத்த ஒரு கிழமை வேணும். நமக்கு முப்பது நிமிசம் இருக்கு. மூக்கு இல்லையெண்டால் என்ன மிச்சம்?”

“காது. ஆனா காலையில அவள் கூப்பிட்டாளே.”

“பா பா எண்டு கூப்பிட்டாள். ஊரில எல்லாரும் எல்லா மாட்டையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. அதுக்கெண்டு ஒரு பேர் வேணும்.”

“அவள்தான் பேர் இல்ல எண்டாளே…” பதியுதீன் நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது. “டொக்டர், குளத்தில ஒரு மனுசன் சொன்னார். அதைக் கூப்பிட்டா ரெண்டு பேர் திரும்புவாங்களாம். நீங்க நத்தை எண்டதும் நான் விட்டிட்டன்.”

“ரெண்டு பேரா?” டொக்டர் யோசித்தார். “தங்கம் காலையில ரெண்டு தரம் நிலத்தைப் பாத்தாள். எருமையின்ட பேரைக் கேக்கக்குள்ள ஒருக்கா. மற்றது எப்ப?”

பதியுதீனுக்கு ஞாபகம் வந்தது. “அவட புருசன்ட…”

“ஓம்.”

டொக்டர் சார்ஜனிடம் போய் அந்த அடையாள அட்டைப் பிரதியை வாங்கிப் பார்த்தார். பெயர் இருந்த வரியில் கண் நின்றது. எருமையின் வலது கொம்பைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைப் பதியுதீனிடம் நீட்டினார். அவன் வாசிக்க வாயெடுத்தான். டொக்டர் விரலை உதட்டில் வைத்தார்.

“நீங்க சொல்லக்கூடாது. அவள்தான் சொல்லணும்.”

சின்னத்தங்கத்தை மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“பொம்பிளை எருமைக்கு ஆரு புள்ள அந்தப் பேரை வெச்சது?”

சின்னத்தங்கத்தின் முகம் சிவந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவர்தான்,” என்றாள் பிறகு. “கொம்பு வளைஞ்சு முளைக்கக்குள்ள, ‘கோணல் கொம்பு, இது என்ட பேருக்குத்தான் பொருத்தம்’ எண்டு அவரே வெச்சிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். அவர் வாசல்ல நிண்டு தன்ட பேரைத் தானே கத்துவார், இது ஓடி வரும். ஊரே சிரிக்கும். ரெலிபோன் எடுத்தாலும் முதல்ல அதைத்தான் கேப்பார், ‘என்ட பேர்க்காரி எப்பிடி இருக்காள்’ எண்டு. காணாமப் போன கதையை நான் இன்னும் சொல்லல்ல, டொக்டர்.”

“அப்ப கூப்பிடு.”

“ஒண்ணா, என்னால ஏலாது. கலியாணம் முடிச்சுப் பதினொரு வருசம். ஒரு நாளும் அவர்ட பேரை என்ட வாயால சொன்னதில்ல. சொன்னா அவர்ட ஆயுசு குறையும் எண்டுவாங்க. அவர் ஓட்டுறது லொறி. ஏதும் நடந்தால்?”

டொக்டருக்கு இதற்கு விஞ்ஞானத்தில் ஒரு பதில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

“நீ அவரைக் கூப்பிடல்ல, தங்கம். எருமையைக் கூப்பிடுறாய். வந்தால் அவரிட்டச் சொல்ல நல்ல செய்தி இருக்கும். லொறியில போனால் என்ன சொல்லுவாய்?”

கதவுக்கு வெளியே இருந்து பதியுதீனின் குரல் வந்தது. “கட்டாருக்குக் கேக்காது, தங்கச்சி. நான் பொறுப்பு.”

மூன்று ஐம்பத்தாறு. சார்ஜன் கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்திருந்தார். எருமை லொறிக்கு முன்னால் நின்றது. யோகராசா பின்னால் தட்டினார். அதன் முன்னங்கால் ஒன்று பலகையில் ஏறிவிட்டது.

“சார்ஜன், ஒரு நிமிசம்,” என்றார் டொக்டர். “வாளியைக் கீழே வெக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரும் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். வேற ஒண்டும் வேணாம்.”

“பேர் இல்ல எண்டாளே?”

“இருக்கு.”

யோகராசா தோளைக் குலுக்கிவிட்டு வாளியை வைத்தார். “லெட்சுமி! ஏய் லெட்சுமி!”

எருமை குறட்டை விட்டது.

“இப்ப நீ, தங்கச்சி,” என்றார் சார்ஜன்.

சின்னத்தங்கம் எல்லோருக்கும் முதுகைக் காட்டி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேலைத் தலைப்பை முகத்தில் போட்டாள். உதடு அசைந்தது. தனக்குத்தானே சொல்வது போல் ஏதோ சொன்னாள்.

வளைந்த கொம்பின் கீழே அந்தக் காது சடாரென்று நிமிர்ந்தது. பலகையில் வைத்த கால் நின்றது. பிறகு அந்தக் கால் மெல்லத் திரும்பித் தரைக்கு வந்தது.

யோகராசாவின் கை கயிற்றில் இறுகியது. “என்னத்தையோ முணுமுணுக்கிறாள், சார்ஜன். இதெல்லாம் ஒரு சாட்சியா?”

“எனக்கும் கேக்கல்ல, தங்கச்சி,” என்றார் சார்ஜன் றவூப். டொக்டர் திருப்பிக் கொடுத்த அடையாள அட்டைப் பிரதி அவர் கையில் இருந்தது. அதை இப்போதுதான் ஒழுங்காக வாசித்தார். மீசைக்குள் ஏதோ துடித்தது. “கேக்காததை நான் எழுத ஏலாது. சத்தமாச் சொல்லு.”

சின்னத்தங்கம் திரும்பினாள். தலைப்பை முகத்திலிருந்து எடுத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையையும் வாயின் இரு பக்கமும் குவித்து, வாவியின் அந்தக் கரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

“கோணாமலை!”